பைத்தானில் தமிழ்: ‘பல்’லும் ‘பல’வும் ஒன்றாகிவிடும் இடம்

தமிழ் உரையை அலசப் பைத்தான் நிரல்மொழி சரிப்படுமா என்று கேட்கிறவர்கள் குறையவே இல்லை. எளிமை, நூலகங்கள், வேகம் பற்றியெல்லாம் எல்லோருக்கும் தெரியும். பல ஆண்டு புழங்கிய பிறகும் ஆறாத எரிச்சல் ஒன்றே ஒன்றுதான். அது உரையில் வடிவம் கொடுத்துத் தேட உதவும் ‘ரீ’ மாட்யூல்.

பலரும் நீளத்தை எண்ணும் ‘லென்’னைத்தான் திட்டுவார்கள். ‘தமிழ்’ என்ற சொல்லுக்கு அது 5 என்கிறது; நமக்கோ 3 எழுத்து. ஆனால் த, ம, இகரக் கொக்கி, ழ, புள்ளி என்று, எழுத்துகளுக்கு எண் வழங்கும் பொதுத் தரமான யூனிகோடில் 5 குறியீடுகள் உள்ளன, அதை அது ஒளிக்காமல் சொல்கிறது. ஜாவாஸ்கிரிப்டும் 5 தான் தரும். கோ மொழியின் ‘லென்’ பைட்டை எண்ணி 15 என்கிறது. இது தெரிந்த கணக்கு, சமாளித்துவிடலாம்.

‘ரீ’ அப்படியில்லை, சத்தமே இல்லாமல் வெட்டுகிறது. சொற்களைப் பிரிக்க எல்லோரும் போடும் பின்சாய்வும் சின்ன டபிள்யூவும், உயிர்மெய்க் குறிகளையும் புள்ளியையும் எழுத்தாகவே சேர்ப்பதில்லை. ‘தமிழ்’ கொடுத்தால் ‘தம’, ‘ழ’ என்று இரண்டு துண்டு வரும். அதையாவது கண்ணால் பிடித்துவிடலாம். ‘பல்’ கொடுத்துப் பாருங்கள்: புள்ளி உதிர்ந்து ‘பல’ வரும். சொல் அலைவெண் பட்டியலில் பல்லும் பலவும் ஒரே வரியில் கூடிவிடும். பிழைச்செய்தி கிடையாது, எச்சரிக்கை கிடையாது. இப்படித் தேடும் வடிவங்களுக்கான யூனிகோடின் ரெகுலர் எக்ஸ்பிரஷன் வழிகாட்டி இந்தக் குறிகளும் சொல்லின் பகுதி என்றே சொல்கிறது. 2011லேயே பைத்தான் குழுவிடம் புகாரும் பதிவாகிவிட்டது. இருந்தும் ‘ரீ’ மாறவில்லை. கோடிக்கணக்கானோர் எழுதும் எழுத்துமுறைக்கு இதுவா மரியாதை?

மருந்து இருக்கிறது. பைத்தானின் நிறுவு கருவியான பிப் வழியாக ‘ரீஜெக்ஸ்’ என்ற தனி நூலகத்தை நிறுவி, நிரலின் தலையில் ‘இம்போர்ட் ரீஜெக்ஸ் ஆஸ் ரீ’ என்று போட்டால் மற்ற வரிகளைப் பெரும்பாலும் தொடவே வேண்டாம். அதில் பின்சாய்வும் பெரிய எக்ஸும் கொடுத்தால் ‘த’, ‘மி’, ‘ழ்’ என்று மூன்றாகவே பிரித்துத் தரும்.

பிரிப்பதற்கு முன், ஒரே எழுத்தின் வெவ்வேறு குறியீட்டு வடிவங்களை ஒன்றாக்கும் என்எஃப்சி முறையில் உரையைச் சீராக்குங்கள். ‘கொடி’யின் கொம்பும் காலும் சில கோப்புகளில் ஒரே குறியீடாக இருக்கும், சிலவற்றில் இரண்டாக இருக்கும். திரையில் வேறுபாடே தெரியாது, ஒப்பிட்டால் மட்டும் பொருந்தாது. பைத்தானோடு வரும் ‘யூனிகோடுடேட்டா’வின் ‘நார்மலைஸ்’ இதைச் சரிசெய்துவிடும். ஆனால் ‘கௌரி’யில் ஔகாரக் குறிக்குப் பதில் ஒற்றைக் கொம்பும் ளகரமும் தட்டியிருந்தால் அதை இது சரிசெய்யாது. மொத்தமாகத் தேடி மாற்றலாம் என்று இறங்கிவிடாதீர்கள், ‘தெளிவு’ சிதைந்துபோகும். சொற்பட்டியல் வைத்து ஒவ்வொன்றாகத்தான் திருத்த வேண்டும்.

அகரவரிசையிலும் ஒரு வேலை பாக்கி. வரிசைப்படுத்தும் ‘சார்ட்டட்’ குறியீட்டு எண்படி அடுக்குவதால் னகரம் பகரத்துக்கு முன்னால் வந்து நிற்கும். பைஐசியூ என்ற நூலகத்தின் கொலேட்டரை, அதாவது வரிசையாக்கியை, தமிழுக்கான ‘டிஏ’ குறியீட்டுக்கு அமைத்து அதன் சார்ட் கீயைச் ‘சார்ட்டட்’டுக்குக் கொடுத்தால் னகரம் தமிழ் மெய்களில் கடைசிக்குப் போய்விடும்.

இதே மொழிதான் உரையை எண்ணாக்கும் ‘இன்ட்’டுக்குள் ‘௪௫௦’ என்று போட்டால் முகம் சுளிக்காமல் 450 தருகிறது. மாறிக்கு ‘விலை’ என்றே பெயர் வைக்கலாம், 3.0 பதிப்பிலிருந்தே இடமுண்டு. ‘விலை’யின் ஐகாரக் கொம்பைப் பெயரில் ஏற்றுக்கொள்ளும் பைத்தான், ‘ரீ’யில் அதே கொம்பைத் தள்ளிவிடுகிறது! வலிப்பது இந்த முரண்தான். மொழிக்குத் தெரிந்த ஒன்று அதன் மாட்யூலுக்குத் தெரியவில்லை.

ஆகவே, இவ்வளவு பிடித்தும், தமிழ்ச் சொற்களைப் பிரிப்பதுதான் முதல் வேலை என்று வருகிறவரிடம் பைத்தானை எடுங்கள் என்று சொல்ல இன்று மனம் வரவில்லை. ரஸ்ட் மொழியின் ரீஜெக்ஸ் க்ரேட் (நூலகம்) முதல் நாளே சரியாகப் பிரிக்கிறது. உரையை யூடிஎஃப்-8 என்று சொல்லித் திறந்தால் பழைய பெர்ல் மொழியும் பிரிக்கிறது. ஏற்கெனவே பைத்தானில் ஓடிக்கொண்டிருக்கும் நிரல் இருந்தால் ‘இம்போர்ட் ரீ’ என்ற வரியைத் தேடிப் பிடியுங்கள். உள்ளே ‘பல்’ கொடுங்கள். புள்ளியோடு திரும்பி வருகிறதா என்று பாருங்கள்.