கொழும்பு வெக்கையில் 6 வருடம்: கடல்நீரை அளக்கும் என் ரிப்ராக்டோமீற்றர்

2019 இல் வெள்ளவத்தை வீட்டின் முன்அறையில் 200 லீற்றர் கடல்மீன் தொட்டி ஒன்று வைத்தேன். உள்ளே 2 கோமாளி மீன், கொஞ்சம் துறவி நண்டு. அதே வருடம் வாங்கிய கையடக்க ரிப்ராக்டோமீற்றரை இன்றுவரை கிழமைக்கு 2 தரமாவது கையில் எடுக்கிறேன். கண்ணாடியில் ஒரு சொட்டு நீர் விட்டு, மூடியைச் சாத்தி, வெளிச்சத்துப் பக்கம் பிடித்துப் பார்த்தால் நீலமும் வெள்ளையும் சந்திக்கிற கோடுதான் உவர்ப்பு. உப்புக் கூடக்கூட நீர் ஒளியை அதிகமாக முறிக்கும். 20 பாகை செல்சியஸ் வெப்பநிலையில் நன்னீரின் முறிவுச்சுட்டி, அதாவது ஒளியை எவ்வளவு முறிக்கிறது என்ற எண், 1.3330, ஒரு கிலோவில் 35 கிராம் உப்புள்ள கடல்நீருக்கு 1.3394. இந்தச் சின்ன வித்தியாசத்தைத்தான் அது பெரிதாக்கிக் காட்டுகிறது.

அதற்கு முதல் நீரமானி ஒன்று வைத்திருந்தேன். நீரில் மிதக்கவிட்டு அடர்த்தி பார்க்கிற கண்ணாடிக் குழாய். காலையில் ஒன்று காட்டும், பின்னேரம் வேறொன்று காட்டும். நான் உப்பைக் கூட்டுவேன், அடுத்த நாள் குறைப்பேன். பிழை நீரமானியில் இல்லை. 35 உவர்ப்புள்ள, அதாவது கிலோவுக்கு 35 கிராம் உப்புள்ள, நீர் 26 பாகையில் ஒரு கனமீற்றருக்கு ஏறக்குறைய 1023 கிலோ நிறுக்கும். அதே நீர் 31 பாகைக்குச் சூடானால் 1021.4 தான். 5 பாகை வித்தியாசம் கிலோவுக்கு 2 கிராம் உப்புக் குறைந்தது போலத் தோன்றும். வெப்பநிலையைச் சேர்த்து எழுதாத உவர்ப்பு அளவை நான் இப்போது நம்புவதே இல்லை.

ரிப்ராக்டோமீற்றர் அந்தத் தலையிடியைக் குறைத்தது, ஆனால் முழுதாகத் தீர்க்கவில்லை. வெப்பநிலையைத் தானே சீராக்கும் என்று பெட்டியில் எழுதியிருக்கும். அந்தச் சீராக்கம் 10 முதல் 30 பாகை வரைதான். ஏப்ரல் மாதத்துப் பின்னேரம் அந்த முன்அறை 32, 33 பாகைக்குப் போய்விடும். அதனால் நான் காலை 6 மணிக்கு, கருவியும் நீரும் ஒரே சூட்டில் இருக்கும்போது மட்டும் அளக்கிறேன். சொட்டு விட்டபின் ஒரு நிமிடமாவது பொறுங்கள், நீர் கண்ணாடியின் சூட்டுக்கு வரட்டும். உடனே பார்த்தால் கோடு மெல்ல நகர்வதைக் காண்பீர்கள்.

எனக்கு அதிக இழப்பைத் தந்தது இன்னொரு விடயம். விற்ற கடையில், காய்ச்சி வடித்த நீரில் 0 காட்டினால் போதும் என்றார்கள். ஒன்றரை வருடம் அப்படியே செய்தேன். கருவியின் அளவுகோல் கடல்நீருக்கு அல்ல, வெறும் கறியுப்புக் கரைசலுக்குக் கீறப்பட்டது என்று பிறகுதான் தெரிந்தது. கடல்நீரில் சோடியம் குளோரைட்டோடு மக்னீசியம், சல்பேற்று, கல்சியம் எல்லாம் இருக்கின்றன, அவை ஒளியை வேறு விதமாக முறிக்கும். அந்த அளவுகோலில் உண்மையான 35 ஏறக்குறைய 36.5 ஆகத் தெரியும். நான் 35 என்று நினைத்து 33.5 இல் மீன்களை வைத்திருந்திருக்கிறேன். மீன் தாங்கிக்கொண்டது, நண்டுகள் ஒவ்வொன்றாகச் செத்தன. முழுக்க அதனால்தான் என்று சொல்லமாட்டேன், ஆனாலும் மனம் உறுத்துகிறது. இப்போது 36.5 கிராம் சுத்தமான கறியுப்பை 963.5 கிராம் காய்ச்சி வடித்த நீரில் கரைத்துப் போத்தலில் வைத்திருக்கிறேன். 35 கடல்நீரின் முறிவுச்சுட்டிதான் அதற்கும். மாதம் ஒருமுறை அந்தக் கரைசலில் கோடு 35 இல் நிற்கும்படி திருகாணியைத் திருப்புகிறேன். இதைச் செய்யாதவர்கள் இந்தக் கருவியை வாங்கவே வேண்டாம்.

தொட்டி நீர் கலக்கிற இறக்குமதி உப்புத்தூள் கிடைக்காத காலத்தில் நேரே கடலிலிருந்து நீர் எடுக்கத் தொடங்கினேன். அப்போதுதான் இந்தக் கருவி எனக்கு உண்மையில் பிடித்துப்போனது. முகத்துவாரத்தில் படகு வைத்திருக்கும் ஒரு அண்ணை, "மழை விட்டு ரெண்டு மூண்டு நாள் போகட்டும் தம்பி, இப்ப மேல கிடக்கிறது ஆத்துத் தண்ணி" என்றார். களனி கங்கை கலக்கிற இடம் அல்லவா. சந்தேகம் தீரட்டும் என்று படகிலிருந்து மேல்நீரை ஒரு போத்தலிலும், கல்லுக் கட்டி 4 மீற்றர் கீழே இறக்கிய போத்தலில் இன்னொன்றும் எடுத்தோம். மேலே 12, கீழே 31. நன்னீர் பாரம் குறைவு, அதனால் உவர்நீரின் மேல் பாய் விரித்தது போல மிதக்கிறது. அப்புறம் நான் கல்கிசைப் பக்கம், வாய்க்கால்கள் கடலில் விழும் இடங்களை விட்டுத் தள்ளித்தான் எடுக்கிறேன்.

என் குறிப்பேட்டில் ஜனவரி நீர் எப்போதும் ஓகஸ்ற் நீரைவிட உவர்ப்புக் குறைவு. வடகீழ்ப் பருவக்காற்றுக் காலத்தில் வங்காள விரிகுடாவின் நீர், கங்கையும் பிரமபுத்திராவும் கலந்தது, இலங்கையின் தெற்கைச் சுற்றி மேற்குக் கரைக்கு வருகிறது. தென்மேல் பருவத்தில் அரபிக்கடலின் உப்புக் கூடிய நீர் கிழக்கே தள்ளப்படுகிறது. அந்தப் பெரிய சுழற்சியின் தடயத்தை ஒரு சொட்டு நீரில் பார்க்க முடிகிறது என்பது எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம்தான்.

2022 மார்ச் கடைசியில் 13 மணிநேர மின்வெட்டு வந்தபோது வேறொன்று விளங்கியது. 28 பாகையில் நன்னீர் லீற்றருக்கு 7.8 மில்லிகிராம் ஒட்சிசன் பிடிக்கும், 35 உவர்ப்பு நீர் 6.4 தான். சூடு ஏற ஏற அதுவும் குறையும். காற்றுப் பம்பி நின்றதும் கோமாளி மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்தன. நானும் அக்காவும் மாறி மாறிக் கோப்பையால் நீரை அள்ளி ஊற்றினோம். பற்றறியில் ஓடும் பம்பிதான் அதற்குப் பிறகு முதலில் வாங்கினது.

நீர் மின்சாரத்தை எவ்வளவு கடத்துகிறது என்று பார்த்து உவர்ப்பைக் காட்டும் கடத்துதிறன் பேனா ஒன்றும் 2 வருடம் பாவித்தேன். ஒவ்வொரு பாகைக்கும் ஏறக்குறைய 2 சதவீதம் மாறுகிறது, முனையில் படிவு பிடிக்கிறது. ரிப்ராக்டோமீற்றருக்கே திரும்பிவிட்டேன். ஆனால் கடலாய்வுக் கப்பல்கள் இறக்கும் கருவியும் கடத்துதிறனைத்தான் அளக்கிறது, கூடவே வெப்பநிலை, அமுக்கம் இரண்டையும். அமுக்கமும் கடத்துதிறனை மாற்றுவதால் அதைக் கழிக்காமல் உவர்ப்பைச் சொல்ல முடியாது. என் தொட்டியில் அரை மீற்றர் நீருக்கு அது பொருட்டல்ல. 30 மீற்றர் ஆழத்தில் அமுக்கம் 4 மடங்கு, அப்போதும் அடர்த்தி மாறுவது மிகச் சொற்பம். இலங்கைக்குத் தெற்கே 4000 மீற்றர் ஆழத்துக்குப் போனால்தான் குளிரும் அமுக்கமும் சேர்ந்து அதைக் கனமீற்றருக்கு 1046 கிலோ அளவுக்கு ஏற்றும்.

கருவியின் இறப்பர் பிடி பிசுபிசுத்துவிட்டது, மூடியின் பிணைச்சல் ஒருமுறை கழன்று ஒட்டியிருக்கிறேன். கண்ணாடியில் கீறல் இல்லை. ஒவ்வொரு தரமும் நன்னீரில் கழுவி மெல்லிய துணியால் துடைப்பதுதான் காரணம். ஆவியாகும்போது நீர்தான் போகும், உப்புத் தங்கிவிடும். தொட்டியில் 10 லீற்றர் குறைந்தால் 35 என்பது 36.8 ஆகிவிடும். இன்று காலை பார்த்தேன், 35.5. இரண்டரை லீற்றர் நன்னீர் விட்டிருக்கிறேன்.