டெபியனின் கேம்-டேட்டா-பேக்கேஜர்: சொந்த சிடியிலிருந்து விளையாட்டை முறையாக நிறுவுதல்

லினக்ஸ் இயங்குதள வழங்கல்களில் ஒன்றான டெபியன் உள்ள கணினியில் 'குவேக் 3' என்ற விளையாட்டின் பொதியை (நிறுவத் தயாராகக் கட்டிய மென்பொருள் தொகுப்பை) நிறுவி முதல் தடவை இயக்குபவர் விளையாட்டுக் களத்தைப் பார்ப்பதில்லை. விளையாட்டுக்குரிய தரவுக் கோப்புகள் கணினியில் இல்லை என்றும், அவற்றைச் சேர்க்கக் 'கேம்-டேட்டா-பேக்கேஜர்' என்ற கருவியைப் பயன்படுத்தலாம் என்றும் தெரிவிக்கும் செய்தி ஒன்றுதான் திரையில் வந்து நிற்கிறது. இதைக் கண்டு எரிச்சலடைந்து, டெபியன்காரர்கள் வேலையைப் பாதியில் விட்டுவிட்டார்கள் என்று என்னிடம் குறைப்பட்டுக்கொண்ட நண்பர்கள் உண்டு. நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் எண்ணியிருந்தேன். கடந்த சில வாரங்களாக, என்னிடமுள்ள பழைய விளையாட்டு சிடிகளையும் இணையத்தில் விலைக்கு வாங்கிய சில விளையாட்டுகளையும் இந்தக் கருவியிடம் ஒவ்வொன்றாகக் கொடுத்துப் பார்த்த பிறகு, விளையாட்டு நிறுவனங்களுக்கும், எவரும் பயன்படுத்தவும் மாற்றவும் பகிரவும் கூடிய கட்டற்ற மென்பொருள்களைத் தொகுத்துத் தரும் வழங்கல்களுக்கும் இடையே தீராமல் கிடக்கும் உரிமச் சிக்கலில் பயனருக்குக் கிடைத்திருக்கும் மிக நேர்மையான வழி இதுதான் என்ற முடிவுக்கு வந்திருக்கிறேன்.

சிக்கலின் வேரை முதலில் சொல்லவேண்டும். ஒரு விளையாட்டில் இரண்டு பகுதிகள் உண்டு. படத்தை வரைவது, ஒலியை எழுப்புவது, விசை அழுத்தங்களை வாங்கிக்கொள்வது போன்ற வேலைகளைச் செய்யும் நிரல் என்ஜின். களங்கள், உருவங்கள், ஒலிகள், இசை ஆகியவை தரவு. ஐடி சாஃப்ட்வேர் நிறுவனம் 1993இல் வெளியிட்ட 'டூம்' விளையாட்டின் மூல நிரலை 1997 டிசம்பர் 23 அன்று பொதுவில் வைத்தபோது, என்ஜினை மட்டுமே வைத்தது. அதுவும் முழுமையாக வரவில்லை. டாஸ் என்ற பழைய இயங்குதளத்துக்கான பதிப்பில் பயன்பட்ட ஒலி நிரலகம் வேறொருவருக்குச் சொந்தமானது என்பதால், லினக்ஸ் பதிப்பின் நிரலைத்தான் அவர்களால் வெளியிட முடிந்தது. தான் எழுதி விற்ற விளையாட்டின் எல்லாப் பகுதிகளுக்கும் ஒரு நிறுவனமே உரிமையாளராக இருப்பதில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. முதலில் இட்ட உரிமம் வணிகப் பயன்பாட்டைத் தடைசெய்தது. 1999 அக்டோபரில்தான் அதே நிரல், எவரும் மாற்றலாம், பகிரலாம், ஆனால் பகிரும்போது மூல நிரலையும் தரவேண்டும் என்று சொல்லும் ஜி.பி.எல். உரிமத்தின் கீழ் மறுபடியும் வெளியானது. பிறகு 1999 டிசம்பரில் குவேக், 2001 டிசம்பரில் குவேக் 2, 2005 ஆகஸ்டில் குவேக் 3 என்று வரிசையாக ஜி.பி.எல். உரிமத்தில் என்ஜின்கள் வந்தன. தரவு மட்டும் ஒவ்வொரு முறையும் நிறுவனத்திடமே தங்கிவிட்டது. அவை இன்றும் விலைக்கு விற்கப்படும் பொருள்கள் என்பதால், அதற்காக நிறுவனத்தைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை.

டெபியன் தன் களஞ்சியத்தை மெயின், கான்ட்ரிப், நான்-ஃப்ரீ என்று முக்கியமான பிரிவுகளாக வைத்திருக்கிறது. 1997இல் அவர்கள் வகுத்துக்கொண்ட கட்டற்ற மென்பொருள் நெறிமுறைகளுக்கு முழுதும் பொருந்துவது மெயினில் இருக்கும். தன்னளவில் கட்டற்றதாக இருந்தும், இயங்குவதற்குக் கட்டற்றதல்லாத ஒன்றைச் சார்ந்திருப்பது கான்ட்ரிப்புக்குப் போகும். நெறிமுறைகளுக்குப் பொருந்தாவிட்டாலும் விநியோகிக்க அனுமதி உள்ளவை நான்-ஃப்ரீயில் இடம்பெறும். குவேக் 3 என்ஜினின் தொடர்ச்சியான ஐஓகுவேக்3 மெயினில் இருக்கிறது. அந்த விளையாட்டுக்கான பொதியும், நான் இங்கே மதிப்பிடும் கருவியும் கான்ட்ரிப்பில் இருக்கின்றன. டூமின் ஷேர்வேர் பகுதியை, அதாவது விலையின்றித் தரப்பட்ட முன்னோட்டப் பகுதியை, பகிர நிறுவனமே அனுமதித்திருப்பதால் அது நான்-ஃப்ரீயில் கிடைக்கிறது. குவேக் 3 முழுத் தரவுக்கோ அந்த அனுமதியும் கிடையாது. ஆகவே அது எந்தப் பிரிவிலும் இல்லை. அந்தக் காலியிடத்தைப் பயனர் தன் கையிலிருக்கும் சிடியைக் கொண்டு தானே நிரப்பிக்கொள்ள உதவுவதுதான் கேம்-டேட்டா-பேக்கேஜரின் வேலை.

சிடியைச் செருகி, கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் டெர்மினலில் கருவியின் பெயரையும் விளையாட்டின் பெயரையும் சிடி இருக்கும் இடத்தையும் ஒரே வரியில் கொடுத்தேன். கருவி சிடியைத் துழாவி, பெரும்பாலான களங்களும் படங்களும் அடங்கிய, சுமார் 480 எம்.பி. அளவுள்ள 'பாக்0' கோப்பைக் கண்டுபிடித்தது. விளையாட்டு வெளியான பிறகு நிறுவனம் தந்த திருத்தங்கள் சிடியில் இருக்காது என்பது அதற்குத் தெரியும். அந்தத் திருத்தப் பதிப்பை இணையத்திலிருந்து தானே இறக்கி, அதிலிருந்து பாக்1 முதல் பாக்8 வரையுள்ள கோப்புகளைப் பிரித்தெடுத்து, எல்லாவற்றையும் சேர்த்து, டெபியனின் பொதி வடிவமான ஒரு டெப் பொதியாகக் கட்டிக் கொடுத்தது. கட்டும் வேலைக்கு நிர்வாகி கடவுச்சொல் தேவைப்படவில்லை; பொதியை நிறுவும்போது மட்டுமே தேவைப்பட்டது. இப்படி நிறுவிய தரவு, கணினியின் மற்ற மென்பொருள்களைப் போலவே பொதி மேலாளரின் கணக்கில் வந்துவிடுகிறது. எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்று கேட்டால் பதில் கிடைக்கிறது. வேண்டாம் என்றால் ஒரு கட்டளையில் மிச்சமின்றி நீங்குகிறது. கோப்புகளைக் கையால் நகலெடுத்து வைத்துவிட்டு, இரண்டு ஆண்டுகள் கழித்து அவை எங்கிருந்து வந்தன என்று தேடி அலைந்தவர்களுக்கு இதன் அருமை விளங்கும்.

இரண்டாவது சோதனை கசப்பானது. ஆனால் கருவியின் மீது நம்பிக்கையைக் கூட்டியதும் அதுவே. பழைய பொருள்கள் விற்கும் ஒரு கடையில் பல ஆண்டுகளுக்கு முன் வாங்கிய வேறொரு விளையாட்டின் சிடியைச் செருகினேன். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தபோது அதன் ஓரத்தில் நீளமான கீறல் ஒன்று தெரிந்தது. கருவி அதைப் படித்து முடித்துவிட்டு, கோப்பின் பெயர் சரியாக இருந்தாலும் அதன் சரிபார்ப்புத் தொகை (கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடப்படும் அடையாள எண்) எதிர்பார்த்ததோடு ஒத்துப்போகவில்லை என்று அறிவித்து, பொதியைக் கட்ட மறுத்துவிட்டது. ஆதரிக்கும் ஒவ்வொரு விளையாட்டுக்கும் எந்தெந்தக் கோப்பு எந்த அளவில், எந்தச் சரிபார்ப்புத் தொகையோடு இருக்கவேண்டும் என்ற பட்டியலைக் கருவி தன்னிடமே வைத்திருக்கிறது. பழுதடைந்த கோப்பையோ யாரோ மாற்றியமைத்த கோப்பையோ அது கண்ணை மூடிக்கொண்டு ஏற்பதில்லை. அன்று நான் விளையாட முடியவில்லை என்றாலும், பாதி விளையாட்டில் நின்றுபோகும் பதிப்பை நிறுவிவிட்டுக் காரணம் தெரியாமல் தவிப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

கட்டிய டெப் பொதியைப் பிரித்து, உள்ளே உரிமம் பற்றிய கோப்பையும் படித்துப் பார்த்தேன். இது தனியுரிமைத் தரவு, இதை மறுவிநியோகம் செய்யக்கூடாது என்ற எச்சரிக்கை அதில் எழுதப்பட்டிருக்கிறது. உங்கள் கணினியில், உங்கள் சிடியிலிருந்து, உங்களுக்காகக் கட்டப்பட்ட பொதிக்குள்ளேயே இந்தக் குறிப்பு பயணிக்கிறது. பதிப்புரிமையைப் பெரிதாக மதிக்காதவர்கள் என்று கட்டற்ற மென்பொருள்காரர்களைப் பற்றி ஒரு பேச்சு உண்டு; அப்படிப் பேசுபவர்களிடம் இந்தக் கோப்பைத்தான் காட்ட விரும்புகிறேன்.

இவ்வளவு எச்சரிக்கை எதற்கு என்று கேட்பவர்களுக்கு வரலாறு விடை வைத்திருக்கிறது. 'ஃப்ரீகிராஃப்ட்' என்ற கட்டற்ற என்ஜினின் பெயர் தங்கள் விளையாட்டுகளின் பெயர்களை ஒத்திருக்கிறது என்று பிளிஸார்ட் நிறுவனம் கடிதம் அனுப்பியதும், 2003இல் அந்தத் திட்டம் மூடப்பட்டது. நிரல் ஜி.பி.எல். உரிமத்தில் இருந்ததால் 'ஸ்ட்ராடகஸ்' என்ற புதுப் பெயரில் உயிர் பிழைத்தது. பிளிஸார்ட் நிறுவனத்தின் இணைய விளையாட்டுச் சேவைக்கு மாற்றாகத் தன்னார்வலர்கள் எழுதிய 'பிநெட்டி' சேவையக நிரல் நீதிமன்றம் வரை இழுக்கப்பட்டது. 2005 செப்டம்பரில் அமெரிக்காவின் எட்டாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் நிறுவனத்தின் பக்கம் தீர்ப்பளித்தது. விளையாட்டை நிறுவும்போது நாம் படிக்காமல் சம்மதிக்கும் ஒப்பந்தத்தில், உள்ளியக்கத்தைப் பிரித்தாராயக் கூடாது என்றிருந்த நிபந்தனை செல்லும் என்பது அந்தத் தீர்ப்பின் சாரங்களில் ஒன்று. வழக்கு நடத்தப் பணமில்லாத தன்னார்வலர்கள் நடத்தும் வழங்கல், சந்தேகத்துக்கு இடமான ஒரு கோப்பைத் தன் சேவையகத்தில் வைக்க அஞ்சுவதைக் கோழைத்தனம் என்று யாரும் சொல்லக்கூடாது.

தவறு எப்போதும் ஒரே பக்கத்திலிருந்து வருவதும் இல்லை. பழைய சாகச விளையாட்டுகளை இக்காலக் கணினிகளில் இயக்கும் 'ஸ்கம்விஎம்' என்ற ஜி.பி.எல். நிரலை, 2008இல் நின்டென்டோ வீ கருவிக்கு வெளியான மூன்று குழந்தை விளையாட்டுகளில் அதன் பெயரைக்கூடச் சொல்லாமல் பயன்படுத்தியிருந்தார்கள். ஜி.பி.எல். கேட்பதோ மூல நிரலைத் தரவேண்டும் என்பது. வீ கருவிக்கான உருவாக்கத் தொகுப்பின் விதிகளோ திறந்த மூல நிரலை அதனுடன் கலக்க அனுமதிப்பதில்லை. இரண்டையும் ஒருசேர நிறைவேற்ற வழியே இல்லாத நிலையில், கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளைக்கு நன்கொடை, மிச்சப் பிரதிகளை அழித்தல் போன்ற நிபந்தனைகளோடு அந்தத் தகராறு சமரசமாக முடிந்தது. உரிமத்தின் வாசகத்தைப் படிக்காததால் குழந்தைகள் விளையாடவேண்டிய வட்டுகள் அழிவுக்குப் போயின என்பதை நினைத்தால் இன்றும் வருத்தமாக இருக்கிறது.

மனம் வைத்தால் இந்தச் சிக்கலை ஒரு பக்க வாசகத்திலேயே தீர்த்துவிடலாம் என்று காட்டிய நிறுவனமும் உண்டு. ரெவல்யூஷன் சாஃப்ட்வேர் 2003இல் தன் பழைய விளையாட்டுகளான 'லூர் ஆஃப் த டெம்ப்ட்ரஸ்', 'பினீத் எ ஸ்டீல் ஸ்கை' ஆகிய இரண்டையும் எவரும் பகிரலாம் என்று விடுவித்தது. விளையாட்டைத் தனிப் பொருளாக விற்கக்கூடாது, பெரிய தொகுப்பின் ஒரு பகுதியாகச் சேர்க்கலாம் என்பது அந்த உரிமத்தின் மையம். பல இடங்களிலிருந்து வந்த நிரல்களைக் கொண்ட தொகுப்பில் ஒரு கூறாக விற்பதையோ வழங்குவதையோ தடுக்கக்கூடாது என்பதுதான் டெபியன் நெறிமுறைகளின் முதல் விதி. இரண்டும் ஒன்றோடொன்று இடிக்காமல் பொருந்தியதால், முழு விளையாட்டுமே மெயினில் இடம்பெற்றது; எந்த சிடியையும் தேடாமல் ஒரே கட்டளையில் வந்து சேர்கிறது. 2003இல் விலையின்றி வெளியான 'உல்ஃபென்ஸ்டைன்: எனிமி டெரிட்டரி' அதற்கு நேர்மாறான எடுத்துக்காட்டு. என்ஜின் 2010இல் ஜி.பி.எல். ஆனது, தரவை யாரும் காசு கொடுக்காமல் இறக்கிக்கொள்ளலாம். ஆனாலும் மாற்றவும் பகிரவும் தெளிவான உரிமை தரப்படாததால் அதற்கு மெயினில் இடமில்லை. இலவசம் என்ற சொல்லையும் கட்டற்றது என்ற சொல்லையும் தமிழில் தனித்தனியே வைத்திருக்கிறோம். அவற்றைக் குழப்பிக்கொள்ளாமல் இருந்தாலே இந்த வேறுபாடு பிடிபட்டுவிடும்.

மற்ற வழங்கல்கள் இதே முடிச்சை வேறுவிதமாக அவிழ்க்கின்றன. ஃபெடோரா, பயனர் சம்மதம் தெரிவித்த பிறகு மாதிரிப் பதிப்பின் தரவை இறக்கித் தரும் சிறு கருவியை வைத்திருந்தது. ஜென்டூ, சில விளையாட்டுகளுக்குக் கோப்பைப் பயனரே கொண்டுவந்து வைக்கும்படி கேட்டு நிறுத்திக்கொள்கிறது. ஆனால் சிடியிலுள்ள முழு விளையாட்டையும் சரிபார்த்து முறையான பொதியாக மாற்றித்தரும் அக்கறையை நான் டெபியனில்தான் கண்டேன். நல்லவேளையாக இந்தக் கருவி டெபியனோடு நின்றுவிடாமல், ஃபெடோரா போன்றவை பயன்படுத்தும் ஆர்.பி.எம். வகைப் பொதிகளையும் கட்டத் தெரிந்து வைத்திருக்கிறது.

குறைகளும் சிறியவை அல்ல. எல்லாமே டெர்மினலில்தான் நடக்கவேண்டும். சுட்டியால் தேர்ந்தெடுக்க ஒரு சாளரம் இருந்திருந்தால், டூம் விளையாட ஆசைப்படும் என் மருமகனை ஒவ்வொரு தடவையும் நான் பக்கத்தில் உட்கார்ந்து வழிநடத்த வேண்டியிருக்காது. பிழை நேரும்போது வரும் செய்திகள் நிரலாளருக்கு எழுதியவை போலிருக்கின்றன. சரிபார்ப்புத் தொகை பொருந்தவில்லை என்று சொன்ன இடத்திலேயே, சிடியைத் துடைத்துவிட்டு மறுபடி முயலுங்கள் என்று ஒரு வரி சேர்த்திருக்கலாம். பழைய திருத்தப் பதிப்புகளை வைத்திருந்த இணையதளங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டுவருவதால், இறக்கும் படி தோல்வியடையும் வாய்ப்பு ஆண்டுக்கு ஆண்டு கூடுகிறது. ஒருமுறை வெற்றிகரமாக இறக்கிய கோப்புகளைத் தனியே சேமித்து வைத்துக்கொள்வது நல்லது. மேலும், பட்டியலில் உள்ள விளையாட்டுகள் அனைத்தும் ஒரே கவனிப்பைப் பெறவில்லை. ஐடி சாஃப்ட்வேரின் விளையாட்டுகளுக்குக் கிடைத்திருக்கும் நேர்த்தி மற்ற சிலவற்றில் இல்லை.

சிடி டிரைவ் இல்லாத மடிக்கணினிக்காரர்களும் தயங்கத் தேவையில்லை. விளையாட்டுகளை விற்கும் ஜிஓஜி தளத்தில் வாங்கிய விண்டோஸ் நிறுவு கோப்பை அப்படியே கொடுத்தால், இன்னோஎக்ஸ்ட்ராக்ட் என்ற துணைக் கருவியைக் கொண்டு உள்ளிருக்கும் தரவைப் பிரித்தெடுத்துக்கொள்கிறது. ஸ்டீம் என்ற விளையாட்டு விற்பனைச் செயலியின் கோப்புறையில் ஏற்கெனவே இறங்கியிருக்கும் விளையாட்டுகளையும் கண்டுகொள்கிறது. காசு செலவழிக்க விருப்பமில்லாதவர்கள் டூமுக்குப் பதில் மெயினிலேயே இருக்கும் 'ஃப்ரீடூம்' தரவை நிறுவிக்கொள்ளலாம். களங்களும் உருவங்களும் ஒலிகளும் தன்னார்வலர்கள் புதிதாக உருவாக்கியவை. பகிரவும் மாற்றவும் எந்தத் தடையும் இல்லை. என் மருமகனுக்கு முதலில் நிறுவிக் கொடுத்தது அதைத்தான். பிறந்தநாளுக்கு அசல் டூமை விலைக்கு வாங்கிக் கொடுத்து, பொதியைக் கட்டும் கட்டளையை இந்த முறை அவனையே தட்டச்சு செய்யச் சொல்லியிருக்கிறேன்.