ஸ்டொப் என்சிஐஐ: என் மச்சாளுக்குக் கைகொடுத்த இணையத்தளம்

எங்கள் யாழ்ப்பாணத்துப் பெண்பிள்ளைகள் கட்டாயம் தெரிந்து வைத்திருக்கவேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். என் மச்சாள் ஒரு பெடியனோடு பழகி, சரிவராமல் விலகிவிட்டாள். அவன் அவளுடைய அந்தரங்கப் படங்களைப் பேஸ்புக்கில் போடுவேன் என்று வெருட்டத் தொடங்கிவிட்டான். வீட்டில் சொல்லப் பயம், பொலிஸுக்குப் போனால் வாசலிலேயே தெரிந்த ஆள் நிற்பாரோ என்று இன்னொரு பயம். இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்துவிட்டுத்தான் என்னிடம் வாய்திறந்தாள்.

அப்போது கைகொடுத்ததுதான் ஸ்டொப் என்சிஐஐ (StopNCII.org), அந்தரங்கப் படங்கள் இணையத்தில் பரவாமல் தடுக்க உதவும் தளம். இதை 2021 டிசெம்பரில், இப்படிப் படங்களால் பாதிக்கப்பட்டவர்களுக்கு உதவும் பிரித்தானியாவின் ரிவெஞ்ச் போர்ன் ஹெல்ப்லைன், பேஸ்புக்கின் தாய்க் கொம்பனியான மெட்டாவோடு சேர்ந்து தொடங்கியது. இலவசம். "படத்தை அவையளும் பாப்பினம்தானே மச்சாள்?" என்றுதான் அவள் முதலில் கேட்டாள். இல்லை. போனில் இருக்கும் படத்தைத் தெரிவு செய்தால் அதற்குக் கைரேகை மாதிரி ஒரு குறியீடு போனுக்குள்ளேயே உருவாகும், அந்தக் குறியீடு மட்டும்தான் வெளியே போகும், பேஸ்புக், இன்ஸ்டகிராம், டிக்டொக் போன்றவை அதை வைத்து அதே படம் ஏறினால் கண்டுபிடிக்கும். கடைசியில் ஒரு முறைப்பாட்டு இலக்கமும் பின் (PIN) நம்பரும் வரும். அதைக் கொப்பியில் எழுதி வையுங்கள், தொலைந்தால் திரும்ப எடுக்கேலாது.

குறைகளும் உண்டு. படம் உங்கள் கையில் இருக்கவேண்டும். 18 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு இது இல்லை, அவர்களுக்கு டேக் இட் டவுன் என்று வேறு தளம். வட்ஸ்அப்பில் ஆளுக்காள் அனுப்புவதை இது தடுக்காது, எங்கள் ஊரில் மானம் போவதே அந்தக் குரூப்புகளில்தான்.

அப்புறம், இணையத்தில் போடுபவற்றைக் கட்டுப்படுத்த இலங்கை கொண்டுவந்த நிகழ்நிலைக் காப்புச் சட்டம் (Online Safety Act). 2024 ஜனவரி 24ஆம் தேதி பாராளுமன்றத்தில் 108க்கு 62 வாக்குகளில் நிறைவேறியது. தனிப்பட்ட தகவலைப் போட்டு ஒருவரைத் துன்புறுத்துவது அதில் குற்றம்தான், அது வேண்டும். ஆனால் எது பொய் என்று தீர்மானிக்கும் அதிகாரத்தை ஐந்து பேர் ஆணைக்குழுவிடம் கொடுத்ததை என்னால் ஏற்கமுடியவில்லை. காணாமல் போன பிள்ளையைத் தேடும் தாய் எழுதுவதையும் நாளைக்குப் பொய் என்று சொல்லலாமே! அதைவிட, இப்படிப்பட்ட குறியீட்டுமுறையில் எல்லாக் கொம்பனிகளும் சேரவேண்டும் என்று கட்டாயப்படுத்தி, தமிழில் கதைத்து முறையிட ஓர் இடம் வைத்திருந்தால் என் மச்சாள் அந்த இரண்டு நாளும் தனியே கிடந்திருக்கமாட்டாள்.

இதுவரை படம் எதுவும் வெளியே வரவில்லை. பெண்களுக்கான உதவி இலக்கம் 1938, சிறுவர்களுக்கு 1929. அவனை புளொக் பண்ண முதல், வெருட்டி அனுப்பியதை எல்லாம் ஸ்கிரீன்ஷொட் எடுத்து இன்னொருவரிடமும் கொடுத்து வையுங்கள்.