தேவபெலத்தைச் சார்ந்திருக்கக் கற்பிக்கும் தியானச் செயலி: ஒரு மதிப்புரை

சுயபெலத்தை நம்பாமல் கர்த்தருடைய பெலத்தைச் சார்ந்து வாழ்வதையே பொருளாகக் கொண்டு, நாள்தோறும் ஒரு வேதபகுதி, அதற்கான விளக்கம், ஒரு ஜெபம் என்று வழங்கும் தமிழ்த் தியானச் செயலி ஒன்றைச் சில காலமாகப் பயன்படுத்தி வருகிறேன். இதன் பாடங்களை மனதாரப் பாராட்டுகிறேன். செயலியின் அமைப்பில் உள்ள ஒன்றோ அந்தப் பாடங்களுக்கே எதிராக நிற்கிறது.

பாடங்களில் மிகச் சிறந்தது யூதாவின் ராஜாவாகிய ஆசாவைப் பற்றியது. போருக்குப் புறப்பட்ட கிதியோனின் படை 32,000 பேரிலிருந்து 300 பேராகக் குறைக்கப்பட்டதைப் பிரசங்கங்களில் அடிக்கடி கேட்கிறோம். ஆசாவைப் பற்றி அவ்வளவாகக் கேட்பதில்லை. 10 லட்சம் பேரோடும் 300 இரதங்களோடும் எத்தியோப்பியனாகிய சேரா வந்தபோது, பெலனற்றவனுக்கு உதவிசெய்வது உமக்கு லேசான காரியம் என்று கர்த்தரை நோக்கிக் கூப்பிட்ட அதே ஆசா, தன் அரசாட்சியின் 36ஆம் வருஷத்தில் இஸ்ரவேலின் ராஜாவாகிய பாஷா, ராமா என்ற ஊரைக் கட்டி வழியடைத்தபோது, ஆலயத்து வெள்ளியையும் பொன்னையும் எடுத்துச் சீரியாவின் ராஜாவுக்கு அனுப்பி உதவி தேடினான். 2 நாளாகமம் 14, 16 ஆகிய இரு அதிகாரங்களையும் அடுத்தடுத்து வாசிக்கவைத்து, மலைபோன்ற துன்பத்தில் முழங்காலில் நிற்கிற நாம், நம்மாலேயே சமாளித்துவிடலாம் என்று தோன்றும் காரியங்களில்தான் ஜெபத்தை விட்டுவிடுகிறோம் என்று விளக்குகிறார்கள். நோயுற்ற ஆசா கர்த்தரைத் தேடாமல் வைத்தியர்களையே தேடினான் என்ற வசனத்தை எடுத்துக்கொண்டு மருத்துவத்தைப் பழிக்காதது அவர்களுடைய நிதானத்துக்குச் சான்று. எருசலேமின் அலங்கத்தைக் கட்டுகையில் ஜெபமும் பண்ணி, இரவும் பகலும் காவலும் வைத்த நெகேமியாவுக்கு ஒரு தனிப் பாடம் இருந்திருந்தால், சார்ந்திருப்பது என்றால் சும்மா இருப்பது என்று யாரும் எண்ண இடமிருக்காது.

“என்னைப் பெலப்படுத்துகிற கிறிஸ்துவினாலே எல்லாவற்றையுஞ்செய்ய எனக்குப் பெலனுண்டு” என்ற பிலிப்பியர் 4:13-ஐ அப்போஸ்தலனாகிய பவுல் காவலில் இருந்தபடி எழுதினார் என்றும், பசியிலும் குறைவிலும் மனரம்மியமாயிருக்கிற பெலனையே அங்கே குறிப்பிடுகிறார் என்றும் பாடம் தெளிவாகச் சொல்கிறது. பகிர்வதற்காகத் தரப்படும் படத்திலோ அந்த வசனம் தனியாக, மலையுச்சியில் கையுயர்த்தி நிற்கும் ஒருவரின் மேல் அச்சிடப்பட்டிருக்கிறது. இது சிறிய குறைதான்.

பெரிய குறை, தவறாமல் வாசித்த நாட்களின் கணக்கு. ஒரு நாள் விட்டுப்போனால் எண் பூஜ்யத்துக்குத் திரும்பி, முகப்பில் எரியும் விளக்கு சாம்பல் நிறமாகிவிடுகிறது. நோயாளியின் அருகில் இரவெல்லாம் விழித்திருந்து, செயலியைத் திறக்கவும் திராணியில்லாத விசுவாசிக்கு, “என் கிருபை உனக்குப்போதும்” என்ற வாக்கு மிகவும் தேவைப்படும் நாளிலேயே அணைந்த விளக்கைக் காட்டுவது எவ்வளவு முரணானது! கிருபையைப் பற்றிப் படிக்க வந்தவரை இந்த எண் மெல்ல மெல்லத் தன் ஒழுங்கை நம்புகிறவராக மாற்றிவிடுகிறது. தயாரிப்பாளர்கள் இதை நீக்கிவிட வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன். அதுவரை, அமைப்புகள் பக்கத்தில் நினைவூட்டல் பகுதிக்குள் இருக்கும் பொத்தானால் இந்தக் கணக்கை மறைத்துவிட்டுப் பாடங்களைத் தொடங்கலாம்.