லினக்ஸ் பயனர் கணக்கு: லோக்கலா, டைரக்டரியா?

கணக்கை அந்தந்த மெஷினிலேயே வைத்தால் லோக்கல், எல்லா மெஷினுக்கும் பொதுவாக ஒரு மைய சர்வரில் வைத்தால் டைரக்டரி. கணக்கு திறப்பது எந்த முறையிலும் சுலபம். வேலையை விட்டுப் போகிறவரின் கணக்கை எத்தனை இடத்தில் தேடி மூட வேண்டியிருக்கிறது என்பதை வைத்துத்தான் நான் முறையைத் தேர்வு செய்வேன்.

லோக்கல் கணக்கில் எல்லாமே அந்த ஒரு மெஷினுக்குள் அடங்கிவிடும். பாஸ்வேர்ட் கோப்பில் ஆளுக்கு ஒரு வரி, ஷேடோ கோப்பில் ஹேஷ், அதாவது பாஸ்வேர்டின் மறைத்த வடிவம். நெட்வொர்க் படுத்துவிட்டாலும் லாகின் ஆகும். இரண்டு மூன்று சர்வர் வைத்திருப்பவருக்கு இதுவே தாராளம்.

சர்வர்கள் கூடக் கூட யூஐடி, அதாவது பயனர் எண், உதைக்கும். பெரும்பாலான டிஸ்ட்ரோக்களில் சாதாரணப் பயனர்களுக்கு 1000-லிருந்து வரிசையாக எண் கிடைக்கும். ஒரு சர்வரில் 1001 கவிதா, இன்னொன்றில் 1001 ரமேஷ் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டும் ஒரே என்எஃப்எஸ் பகிர்வை (நெட்வொர்க் வழியாகப் பகிரும் கோப்புறை) வழக்கமான அமைப்பில் மவுண்ட் செய்தால், கவிதா அங்கே எழுதிய கோப்பு இங்கே ரமேஷ் பெயரில் தெரியும். அவர் அதைத் திருத்தவும் முடியும். கோப்பில் பதிவாவது எண்தான், பெயர் இல்லை.

ஃப்ரீஐபிஏ, ஆக்டிவ் டைரக்டரி போன்ற டைரக்டரி சர்வர்களில் இந்தத் தொல்லை போய்விடும். லினக்ஸ் பக்கம் டைரக்டரியோடு பேசும் எஸ்எஸ்எஸ்டி சேவை ஒரே மாதிரி அமைந்திருந்தால் எல்லா மெஷினிலும் ஒருவருக்கு ஒரே எண்தான். ஆனால் பார்த்துக்கொள்ள வேண்டியவையும் கூடும். கடிகாரம் 5 நிமிடத்துக்கு மேல் விலகினாலே, லாகினைச் சரிபார்க்கும் கெர்பரோஸ் பொதுவாக மறுத்துவிடும்.

சரி, மூடும் நாளுக்கு வருவோம். லோக்கலில் யூசர்மாட் கட்டளையால் பூட்டினால், ஷேடோவில் ஹேஷுக்கு முன்னால் ஓர் ஆச்சரியக்குறி சேரும், அவ்வளவுதான். பாஸ்வேர்ட் செல்லாது. ஆனால் பேம் (லினக்ஸின் லாகின் சரிபார்ப்பு அடுக்கு) வழியாக இயங்கும் எஸ்எஸ்எச் என்ற தொலை லாகினில், அவர் வைத்துவிட்டுப் போன சாவி அப்போதும் திறக்கும். கணக்கின் காலாவதித் தேதியையும் கடந்துபோன நாளாக வைக்க வேண்டும், அதுவும் ஒவ்வொரு சர்வரிலும். ஒன்றை மறந்தாலும் கதவு திறந்தே கிடக்கும்.

டைரக்டரியில் ஒரே இடத்தில் முடக்கினால் போதும். ஆனால் எஸ்எஸ்எஸ்டி பாஸ்வேர்டை கேஷில் (மெஷினிலேயே இருக்கும் தற்காலிகச் சேமிப்பு) வைக்கும்படி அமைத்திருந்தால், நெட்வொர்க்கில் இல்லாத லேப்டாப்பில் அவர் பழைய பாஸ்வேர்டிலேயே நுழைவார். அந்த ஆஃப்லைன் அனுமதிக்கு இயல்பிருப்பில் கால வரம்பே கிடையாது, நாம்தான் நாள் கணக்கு கொடுக்க வேண்டும். அப்புறம், யாரை உள்ளே விடலாம் என்ற விதியை எழுதாமல் விட்டால் எஸ்எஸ்எஸ்டி எல்லாரையும் அனுமதிக்கும். இதை நிறையப் பேர் கவனிப்பதில்லை.

லோக்கல் கணக்குகளையே, பல சர்வர்களை ஒரே இடத்திலிருந்து அமைக்கும் ஆன்சிபிள் கருவியில் யூஐடியோடு எழுதிவைப்பது நடுவழி. பத்துப் பதினைந்து சர்வர் வரை நன்றாகவே ஓடும். ஆனால் பயனர் தானே பாஸ்வேர்டை மாற்றினால் மற்ற சர்வர்களுக்கு அது போய்ச் சேராது.

ஆட்கள் அடிக்கடி மாறும் இடத்துக்கு நான் டைரக்டரியைத்தான் சொல்வேன். கூடவே ஒவ்வொரு சர்வரிலும் சூடோ (நிர்வாகி) உரிமையுள்ள ஒரு லோக்கல் கணக்கு இருக்கட்டும். பயனர்களை எங்கே தேடுவது என்று சொல்லும் என்எஸ்ஸ்விட்ச் அமைப்பில் லோக்கல் கோப்புகள் முதலில் வரட்டும். டைரக்டரி சர்வரை ஒரு முறை வேண்டுமென்றே துண்டித்துவிட்டு, அந்தக் கணக்கில் நுழைய முடிகிறதா என்று பார்த்துவிடுங்கள்.