யூரியாவுடன் இணைப் பொருள் வாங்க வேண்டும் என்று சொல்லும் கடைகளைப் பற்றி ஓர் எச்சரிக்கை

நேற்று முன்தினம் ஒரு தனியார் உரக்கடையில் 1,650 ரூபாயைப் பறிகொடுத்துவிட்டு, அந்த ஆத்திரம் ஆறுவதற்குள் இதை எழுதுகிறேன். கடையின் பெயர் வேண்டாம். மேலுரம் இடும் பருவத்தில் வாசலில் ‘இருப்பு இல்லை’ என்று எழுதி வைத்துவிட்டு, உள்ளே மூட்டைகளைத் தார்ப்பாய் போட்டு மூடி வைத்திருக்கும் வகைக் கடை அது.

கூட்டுறவுக் கடன் சங்கத்தில் யூரியா தீர்ந்துவிட்டதால் அங்கே சென்றேன். “உங்களுக்கு இல்லாமலா, ஐயா?” என்று உரிமையாளர் நாற்காலியை இழுத்துப் போட்டார். ஆதார் எண்ணைப் பதிந்த பிறகு, விற்பனை முனையக் கருவி என் கைரேகையை ஏற்கவில்லை. நாற்றுப் பறித்துத் தேய்ந்துபோன கட்டைவிரலை அவரே ஈரத்துணியால் துடைத்து, ஆள்காட்டி விரலை வைக்கச் சொல்லி, ரேகை பதியும்வரை பொறுமையாக நின்றார். அந்தப் பரிவுக்குப் பின், “மூட்டைக்கு மானியம் தருகிற அரசுதான் இவற்றையும் சேர்த்துக் கொடுக்கச் சொல்லியிருக்கிறது” என்று திரவ உரப் புட்டிகள் நான்கையும் ஒரு நுண்ணூட்டப் பையையும் அவர் முன்னே வைத்தபோது, சந்தேகப்பட எனக்குத் தோன்றவில்லை.

45 கிலோ யூரியா மூட்டையின் விலை 266 ரூபாய் 50 காசு. ஐந்து மூட்டைக்கு 1,332 ரூபாய் 50 காசு. அதன்மேல் நான் கேட்காத பொருளுக்கு 1,650 ரூபாய். கணக்குப் போட்டால் மூட்டை ஒன்று எனக்கு 596 ரூபாய் 50 காசுக்கு வந்திருக்கிறது! விவசாயியின் ரேகை பதிந்தால்தான் மானியம் உர நிறுவனத்துக்குப் போய்ச் சேரும் என்று 2018 முதல் ஏற்பாடு செய்த அரசு, அதே கல்லாவில் அந்த மானியத்துக்கும் மேலே எங்களிடமிருந்து எவ்வளவு உருவப்படுகிறது என்பதைப் பார்ப்பதே இல்லை என்பதுதான் என் போன்ற பலருடைய மனக்குறை.

அப்படி எந்த உத்தரவும் இல்லை, இணைப் பொருளைக் கட்டாயப்படுத்துவதே தவறு என்று சங்கத்துச் செயலாளர் சொன்ன பிறகு, புட்டிகளை உடைக்காமல் திருப்பி எடுத்துச் சென்றேன். நாற்காலி இல்லை; “மொத்த வியாபாரி எங்கள் தலையில் கட்டுகிறார், அவரைக் கேளுங்கள்” என்றார் கடை உரிமையாளர். மொத்த வியாபாரியோ, சில்லறைக் கடை விவகாரம் தமக்குத் தெரியாது என்று கைபேசியை வைத்துவிட்டார். வட்டார வேளாண் அலுவலகத்தில் ரசீது கேட்டார்கள். கருவியிலிருந்து வந்த சீட்டில் ஐந்து மூட்டை யூரியா மட்டுமே இருந்தது. 1,650 ரூபாய்க்குக் கடைக்காரர் கொடுத்தது பழைய நாட்காட்டித் தாளின் பின்புறம் கிறுக்கிய ஒரு கூட்டல் கணக்கு. “இதை வைத்து என்ன செய்வது?” என்று அதைத் திருப்பித் தந்துவிட்டார்கள்.

விரிவாக ஆலோசனை எழுதத்தான் நினைத்தேன், இப்போது பொறுமையில்லை. வாங்கும் ஒவ்வொன்றுக்கும் ரசீது கேளுங்கள். தருவது அவர்கள் கடமை. பணம் கொடுக்கும் முன் சீட்டில் உள்ள மூட்டை எண்ணிக்கையைப் பாருங்கள். இருப்பு, விலைப் பலகையைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். மாவட்ட ஆட்சியரின் விவசாயிகள் குறைதீர் கூட்டத்தில் அந்த நாட்காட்டித் தாளுடன் மனுக் கொடுக்கப் போகிறேன். இதே போல் ஏமாந்தவர்கள் மனுவுடன் வந்து சேருங்கள்.