செட்எஃப்ஏசிஎல்: இயல்புநிலை அனுமதிகளோடு மூன்று ஆண்டுகள்

வெவ்வேறு குழுக்களைச் சேர்ந்தவர்கள் ஒரே அடைவில் எழுதும் லினக்ஸ் சர்வர் ஒன்றைப் பராமரித்து வருகிறேன். புதிய கோப்பில் எந்த அனுமதிகளை நீக்க வேண்டும் என்று சொல்லும் யூமாஸ்க் 022 (உரிமையாளர் தவிர யாருக்கும் எழுதும் அனுமதி இல்லை) என்று இருந்ததால் ஒருவர் உருவாக்கிய கோப்பை மற்றவர் திருத்த முடியவில்லை. உள்ளே உருவாகும் கோப்புகளை அடைவின் குழுவுக்கே உரியதாக்கும் செட்ஜிஐடி பிட்டை அடைவுக்கு வைத்தால் குழுவின் பெயர் சரியாக வந்துவிடும். எழுதும் அனுமதி வராது. யூமாஸ்க்கை 002 ஆக்கினால் அந்தப் பயனர் வேறு எங்கே எழுதினாலும் அங்கும் அதே தளர்வு தொற்றிக்கொள்ளும். ஒரு அடைவுக்கு மட்டும் செல்லுபடியாகும் விதி வேண்டியிருந்ததால்தான் பயனர் வாரியாக அனுமதிப் பட்டியல் அமைக்கும் செட்எஃப்ஏசிஎல் (setfacl) கட்டளையின் டி (-d) விருப்பத்துக்கு வந்து சேர்ந்தேன்.

முதல் நாள் சோதனை ஏமாற்றும் அளவுக்கு எளிதாக முடிந்தது. அடைவுக்கு இயல்புநிலைப் பட்டியலை (உள்ளே புதிதாக உருவாகுபவை பெற வேண்டிய அனுமதிகள்) அமைத்து, டச் கட்டளையால் ஒரு கோப்பையும் எம்கேடிர் கட்டளையால் ஒரு துணை அடைவையும் உருவாக்கினேன். இரண்டிலும் அனுமதிகள் எதிர்பார்த்தபடியே வந்தன. துணை அடைவு அந்தப் பட்டியலைத் தன் பிள்ளைகளுக்காகவும் எடுத்துக்கொண்டது. இயல்புநிலைப் பட்டியல் உள்ள இடத்தில் யூமாஸ்க் கணக்கிலேயே எடுக்கப்படுவதில்லை. ஏற்கெனவே இருந்த கோப்புகளை இந்த விதி தொடாது என்பதால், அவற்றுக்குத் தனியாக ஒருமுறை, உள்ளே உள்ள எல்லாவற்றுக்கும் செல்லும் ஆர் (-R) விருப்பத்தோடு கட்டளையை ஓட்டினேன். அப்போது இயக்க அனுமதியைப் பெரிய எக்ஸ் எழுத்தால் கொடுத்தது நல்லதாகப் போயிற்று. சிறிய எழுத்தில் கொடுத்திருந்தால் சாதாரண உரைக் கோப்புகள் எல்லாம் இயக்கக்கூடியவையாக மாறியிருக்கும்.

இரண்டாம் வாரத்தில் புகார் வந்தது. அதே அடைவில் சிபி கட்டளையால் நகலெடுத்த கோப்பை மட்டும் நகலெடுத்தவரைத் தவிர யாராலும் திருத்த முடியவில்லை. பட்டியலைக் காட்டும் கெட்எஃப்ஏசிஎல் கட்டளை கொடுத்து பார்த்தபோது பயனரின் வரியில் எழுதும் அனுமதி அப்படியே இருந்தது. ஆனால் வரியின் கடைசியில், நடைமுறையில் செல்லுவது படிக்கும் அனுமதி மட்டுமே என்ற சிறு குறிப்பு ஒட்டிக்கொண்டிருந்தது. காரணம் மாஸ்க், அதாவது குழுவும் பட்டியலில் பெயர் குறிப்பிட்ட பயனர்களும் பெறக்கூடிய அனுமதியின் உச்ச வரம்பு. ஒரு நிரல் கோப்பை உருவாக்கும்போது என்ன அனுமதி கேட்கிறதோ, அதற்கு மேல் இயல்புநிலைப் பட்டியல் எதையும் கொடுப்பதில்லை. டச் 0666 (எல்லோருக்கும் படிக்க, எழுத) கேட்கிறது. சிபியோ மூலக் கோப்பின் 0644ஐயே (உரிமையாளர் தவிர மற்றவர்களுக்குப் படிக்க மட்டும்) கேட்கிறது, எனவே மாஸ்க் படிப்பதோடு நின்றுவிடுகிறது. டச் கட்டளையை மட்டும் வைத்துச் சோதித்தது என் தவறு.

கோப்பை நகர்த்தும் எம்வி கட்டளை இன்னும் ஒரு படி மேலே. ஒரே கோப்பு முறைமைக்குள் நகர்த்தும்போது புதிய கோப்பு எதுவும் உருவாவதில்லை, பெயர்தான் மாறுகிறது. ஆகவே இயல்புநிலைப் பட்டியலுக்கு அங்கே வேலையே இல்லை. பதிவேற்றங்களைத் தற்காலிக அடைவில் 0600 (உரிமையாளருக்கு மட்டும்) அனுமதியோடு எழுதிவிட்டுப் பிறகு நகர்த்தும் நிரல் ஒன்று எங்களிடம் இருந்தது. அந்தத் தற்காலிக அடைவைப் பொது அடைவுக்குள்ளேயே மாற்றி வைத்துப் பார்த்தேன். பட்டியல் வந்தது, மாஸ்க் வெறுமையாக வந்தது. நகர்த்திய பின் அனுமதியைச் சரிசெய்யும் ஒரு வரியை நிரலிலேயே சேர்த்த பிறகுதான் பிரச்சினை தீர்ந்தது.

இவற்றையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம், எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருவது வேறு. பட்டியல் உள்ள கோப்பில், அனுமதிகளை மாற்றும் சிஎச்மோட் கட்டளை மாற்றும் குழு அனுமதி, குழுவுக்கு உரியதல்ல, மாஸ்க்குக்கு உரியது. கோப்புகளைப் பட்டியலிடும் எல்எஸ் காட்டுவதும் அதையேதான். அனுமதிப் பட்டியல் இருப்பதைச் சொல்லி ஓரத்தில் நிற்கும் கூட்டல் குறியை எத்தனை பேர் கவனிக்கிறார்கள்? ஒரு கோப்பை வேண்டுமென்றே 640 (குழுவுக்குப் படிக்க மட்டும்) ஆக்கிச் சுருக்கியிருந்தேன். பல மாதங்கள் கழித்து, இன்னொரு பயனருக்குப் படிக்கும் அனுமதி மட்டும் சேர்க்க செட்எஃப்ஏசிஎல் ஓட்டியபோது அது மாஸ்க்கைத் தானாகவே மறுகணக்கிட்டது. அதுவரை முடங்கிக் கிடந்த பழைய பயனரின் எழுதும் அனுமதி சத்தமில்லாமல் உயிர்பெற்றுவிட்டது. 'என்' (-n) என்ற விருப்பத்தைச் சேர்த்திருந்தால் மறுகணக்கீடு நடந்திருக்காது. கையேட்டில் இது இருக்கிறது என்பது உண்மைதான், ஆனாலும் பாதுகாப்பு சார்ந்த கருவி இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கையாவது கொடுத்திருக்கலாம்.

கருவியைக் கைவிடாமல் இருப்பதற்கு டெஸ்ட், ரெஸ்டோர் என்ற இரண்டு விருப்பங்களே முக்கியக் காரணம். முன்னது எதையும் மாற்றாமல் முடிவை மட்டும் காட்டுகிறது. பின்னது கெட்எஃப்ஏசிஎல் எழுதிவைத்த பட்டியலிலிருந்து மொத்த அடைவையும் பழைய நிலைக்குக் கொண்டுவருகிறது. அந்தப் பட்டியலில் பாதைகளின் தொடக்கச் சாய்கோடு நீக்கப்பட்டிருக்கும் என்பதால், எடுத்தபோது முழுப் பாதை கொடுத்திருந்தால் மீட்கும்போது வேர் அடைவில் நின்றுகொண்டு ஓட்ட வேண்டும். முதல் தடவை வேறிடத்திலிருந்து ஓட்டி, கோப்பே இல்லை என்ற பிழைச் செய்தியைப் பக்கம் பக்கமாகப் பார்த்தேன்.

இப்போது புதிய அடைவு எதையும் பயனர்களிடம் ஒப்படைக்கும் முன், டச், சிபி, எம்வி, டார் கோப்பைப் பிரித்தல், பதிவேற்றம் என்று கோப்பு வந்து சேரும் ஒவ்வொரு வழியிலும் ஒரு கோப்பை உள்ளே போட்டு, எல்லா அனுமதியும் உள்ள ரூட்டாக அல்லாமல் உரிய பயனராகவே நுழைந்து, அதில் ஒரு வரி எழுதிப் பார்க்கிறேன்.